வருமுன் ஒரு தையல்

செகந்திராபாத் கன்டோன்மென்டைச் சேர்ந்த திருமுல்கேரி, இராணுவத்தார் மிகுந்த வட்டாரம். ஆதலின் பெரிய சாதி நாய்களுக்கு இங்கே குறைவில்லை. ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் அன்புடன் அளித்த அல்சேஷன் குட்டி ஒன்று எங்கள் வீட்டிற்கும் வந்து சேர்ந்தது. ராணி என்று பெயரிட்டோம். ஏழாண்டுகள் எங்களுடன் வாழ்ந்தாள். அவளை நாங்கள் இழந்தது எங்கள் அறியாமையால்தான். அதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். அன்பர் எவருக்கேனும் பயன்படட்டும்.

ஓர் இரவு, உணவு உண்ட சில நாழிகைக்குள் ராணி நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் நடந்தாள். மீண்டும் மீண்டும் ஓங்கரித்தாள். வெளியே வந்ததோ நுரைத்த எச்சில் மட்டுமே. வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது. அஜீரணம் என்று எண்ணி ஓமத் தண்ணீர் புகட்டினோம். விடிந்ததும் மருத்துவரிடம் காட்டலாம் என்று படுத்துவிட்டோம். விடிந்தபோது அவள் உயிருடன் இல்லை.

எங்கள் விவரத்தைக் கேட்ட கால்நடை மருத்துவர், அஃது இரைப்பை திருகிக்கொள்ளும் நோயாகவே இருக்க வேண்டும் என்றார். காற்றால் உப்பிய இரைப்பை சுழன்றுவிடும்போது, முறுக்கிய துணிப்பையைப்போல் அதன் இரு வாயும் அடைபடும். உள்ளிருக்கும் காற்று மேலே வராது, கீழேயும் இறங்காது. உப்பிய பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்துவதால் இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்துபோகும். சில மணி நேரத்திற்குள் சிகிச்சை செய்து திருகலை நீக்காவிடில் உயிர் தங்குவது அரிது.

மார்புக்கூடு ஆழமாக அமைந்த பெரிய இனங்களுக்கே இந்த ஆபத்து மிகுதி. 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோயின் வாழ்நாள் அபாயத்தை ராட்வீலருக்கு நூற்றுக்கு 4 என்றும், கிரேட் டேனுக்கு நூற்றுக்கு 37 என்றும் கணக்கிட்டது. 2000-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வோ, முதுமை, விரைந்து உண்ணும் பழக்கம், உயரத்தில் வைத்த உணவுத் தட்டு, பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ இந்நோய் கண்டிருத்தல் ஆகியவை அபாயத்தை மிகுவிப்பதாகக் கூறிற்று. குனிந்து தின்றால் கழுத்து வலிக்குமே என்று ராணியின் தட்டை மணைமேல் வைத்தவர்கள் நாங்கள்!

ராணியின் மகன் வீரனுக்கு அப்போது வயது இரண்டு. "தாய்க்கு வந்தது மகனுக்கும் வரலாம். இரைப்பையை இப்போதே வயிற்றுச் சுவருடன் சேர்த்துத் தைத்துவிட்டால் பிறகு அது திருகாது" என்றார் மருத்துவர். அதற்கான செலவைக் கேட்டு மலைத்தோம். ஊரில் அம்மன் கோயில் கொடைக்குப் போய் வருவதற்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் ஒன்றே கையில் இருந்தது.

அம்மாவுக்கோ செலவைவிட வேறொன்று உறுத்தியது. "ஓடி விளையாடுகிற பிராணியைப் படுக்கவைத்துக் கத்தி போடுவதா? இது என்னப்பா நியாயம்?" என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை. இல்லாள்தான் மெல்லக் கூறினாள்: "அத்தை, அன்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு நாம் எல்லோரும் தூங்கினோமே!" அம்மா அதன்பின் பேசவில்லை. மறுநாட் காலையில், "கொடை அடுத்த வருஷமும் வரும்" என்று மட்டும் சொன்னார்.

பழைய முறையில் வயிற்றை நீளக் கீறித் திறப்பார்கள். வீரனுக்குச் செய்தது லாப்பராஸ்கோப் முறை. மயக்க மருந்து தந்து, வயிற்றைக் கரியமில வாயுவால் சற்றே உப்பச் செய்து, சிறு துளை வழியே மெல்லிய காமிராக் குழலைச் செலுத்தினர். அதன் துணையால் இரைப்பையின் கீழ்ப்பகுதியைப் பற்றி, வலப்புறத்துக் கடைசி விலாவெலும்பின் பின்னே இட்ட சிறு கீறலருகே கொணர்ந்து, வயிற்றுத் தசையுடன் தைத்தனர். அவ்விடத்தில் சதையும் சதையும் ஒன்றி வளர்ந்துவிடுமாதலால், நூல் கரைந்த பின்னரும் பிடிப்பு நிற்கும். காயங்கள் இரண்டு, இரண்டும் சிறியவை. எனினும் இருவாரம் ஓடாமலும் குதிக்காமலும் அவனைக் காப்பது பெரும்பாடாயிற்று. 'கத்தி போடுவதா' என்று கேட்ட அம்மாவே அவனருகில் பாய் விரித்துப் படுத்தார்.

இத்தையல் இரைப்பை திருகுவதைத் தடுக்குமேயன்றி, உப்புவதைத் தடுக்காது. ஆகவே இன்றும் வீரனுக்கு உணவைப் பிரித்தே தருகிறோம்; தட்டு தரையில்தான். உண்டவுடன் ஓடவிடுவதில்லை.

எல்லா நாய்க்கும் இந்தச் சிகிச்சை வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. சிறிய நாய்களுக்கு இந்நோய் அரிது. பெரிய நாய் வளர்க்கும் அன்பர்கள் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காவிடினும் ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவராமல் நாய் தவித்தால், கைவைத்தியம் செய்துகொண்டிராமல் அந்த நேரமே மருத்துவரைத் தேடிப் புறப்படுங்கள். விடியட்டும் என்று மட்டும் இராதீர்கள்.