ஓய்வு கேட்ட தம்பி

டார்க் அலையன்ஸ் மோசமான கேம் என்று பேசிய இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதன் குறைகளைச் சொல்லிச் சொல்லியே நான் செய்த ஒரு காரியத்தை மறைத்தும் வந்திருக்கிறேன். அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

2021 ஜூன் மாதம், இரண்டாம் அலை ஊரடங்கு. பெங்களூரு அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டதால் நான் தொப்பூரில் இருந்தேன். சித்தப்பா மகன் மேச்சேரியில் பிளஸ் டூ. ஜூன் 5ஆம் தேதி தமிழக அரசு பொதுத்தேர்வை ரத்து செய்தது. வருடம் முழுக்கத் தேர்வுக்குப் படித்தவனுக்கு எழுதுவதற்குத் தேர்வு இல்லை, போவதற்கும் ஓர் இடமில்லை. சித்தப்பா லாரி ஓட்டுகிறவர். அவர் மட்டும் சாலையில் இருந்தார். தொப்பூருக்கும் மேச்சேரிக்கும் நடுவே மாவட்ட எல்லை இருக்கிறது. மற்ற நாளில் பைக்கை எடுத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்போது இ-பதிவு இல்லாமல் தாண்ட முடியாது. "ரூமை விட்டே வர்றதில்ல கண்ணு, நீயாச்சும் அவங்கிட்டப் பேசு" என்று சித்தி போனில் சொன்னார்.

அந்த ஜூன் 22ஆம் தேதிதான் டார்க் அலையன்ஸ் வெளியானது. டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகத்தில் நடக்கும் கதை. ஆர். ஏ. சால்வடோரின் நாவல்களில் வரும் நான்கு பேர்தான் இதிலும் நாயகர்கள். இரட்டை வாள் வீசும் டிரிஸ்ட், வில்லாளி கேட்டி-பிரி, குள்ளர் தலைவன் புரூனோர், பெரிய சுத்தியலோடு வரும் வுல்ஃப்கார். நான்கு பேர் வரை இணையத்தில் சேர்ந்து ஆடலாம். கேம் பாஸ் சந்தாவில் வெளியான அன்றே கிடைத்தது. இதே பெயரின் பழைய வடிவம் 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. சிறுவயதில் நண்பனோடு ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து அதை ஆடியிருக்கிறேன். தம்பிக்கு அந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருந்தேன். சந்தா கட்டச் சொல்லி அவனை வற்புறுத்தியதும் நான்தான். போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு, அன்றாட டேட்டா தீரத் தீர நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக அவன் அதை இறக்கினான். இறங்கி முடிந்த அன்று அவன் குரலே மாறியிருந்தது.

கேம் ஏமாற்றம்தான். எதிரிகள் பாதி நேரம் அம்பு பட்டும் அசையாமல் நிற்பார்கள். அடி விழுவதில் கனம் இல்லை. தனியாக ஆடினால் துணைக்குக் கணினி யாரையும் அனுப்பாது. பழைய கேமின் உயிராக இருந்த ஒரே திரையில் இருவர் ஆடும் வசதி, வெளியானபோது இதில் இல்லவே இல்லை. விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள், எழுதியது நியாயம்.

ஆனால் அந்த கேமில் நல்ல யோசனை ஒன்று இருந்தது. ஒரு பகுதியில் எதிரிகளைத் தீர்த்தபின் ஓர் இடத்தில் ஆட்டம் நின்று நம்மைக் கேட்கும். சிறு ஓய்வு எடுத்தால் உயிர்ப்பட்டை நிறையும், மருந்துக் குப்பிகள் நிறையும், அடுத்து விழுந்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம். ஓய்வைத் தவிர்த்து முன்னே போனால் அடுத்து கிடைக்கும் லூட்டின், அதாவது நாம் சேர்க்கும் பொருள்களின், தரம் உயரும். அந்த லூட்டை உடனே எடுத்து அணியவும் முடியாது. பணி முடிந்து முகாமுக்குத் திரும்பிய பிறகுதான் என்ன கிடைத்தது என்றே பார்க்கலாம். ஆக, ஓய்வு எடுக்காமல் சேர்த்த பொருளால் அந்தச் சண்டையில் கூட இருப்பவனுக்கு எந்த உதவியும் இல்லை.

தம்பி ஒவ்வொரு இடத்திலும் கேட்பான். "அண்ணா, ரெஸ்ட் எடுத்துட்டுப் போலாமா?" அவன் புரூனோர். முன்னால் நின்று அடி வாங்குகிற ஆள் என்பதால் அவன் உயிர்ப்பட்டைதான் எப்போதும் காலியாக இருக்கும். நான் டிரிஸ்ட், சுற்றிச் சுற்றி ஓடித் தப்பித்துக்கொள்வேன். "வேணாம்டா, அடுத்த பெட்டில நல்லது வரும்" என்பேன். அண்ணன் சொல்லிவிட்டால் அவன் மறுபேச்சு பேச மாட்டான். அது தெரிந்துதான் சொன்னேன்.

எங்கள் ஊரில் பிறந்த ஒருவன் இதைச் செய்திருக்கக் கூடாது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில், இரட்டைப் பாலத்தருகே எத்தனை லாரிகள் உருண்டு நாங்கள் பார்த்திருக்கிறோம். சாலையின் வளைவும் சரிவும் ஒரு காரணம். டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் இறக்கிவிடுவது இன்னொரு காரணம். கியரில் இருந்தால் எஞ்சினும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் பாரம் முழுக்க பிரேக்கின் மேல் விழுந்து, பிரேக் சூடேறி, பிடிக்காமல் போகும். பெரும்பாலும் அடிபடுவது அந்த லாரிக்கு முன்னால் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்தான். சித்தப்பா இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்த இறக்கத்தில் நியூட்ரல் போட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். அவர் மகனை வைத்துக்கொண்டுதான் நான் லாபக் கணக்குப் பார்த்தேன்.

விழுந்தவனைத் தூக்கிவிட அவன் பக்கத்தில் சில விநாடி நிற்க வேண்டும். அந்தச் சில விநாடியைக்கூட நான் கொடுக்காத வேளைகள் உண்டு. அவன் விழுந்து கிடப்பான், ஹெட்போனில் "அண்ணா... அண்ணா..." என்பான், நான் பெட்டியைத் திறந்துகொண்டிருப்பேன். கவனிக்கவில்லை என்று அப்போது சொன்னேன். கவனித்தேன்.

கொஞ்ச நாளில் லூட்டிலும் எனக்கு ஆசை விட்டுப்போனது. அதோடு அவனும் எனக்குத் தேவையில்லாமல் போனான். அவன் அழைப்பு வந்தால் வேலை இருக்கிறது என்றேன். பிறகு எடுப்பதையே நிறுத்தினேன். ஏன் ஆடுவதில்லை என்று சித்தி கேட்டபோது, "அந்த கேம் சரியில்ல சித்தி, எல்லாருமே திட்டறாங்க" என்றேன். விமர்சனங்களை அவனுக்கே அனுப்பி வைத்தேன். அவன் அதைப் படித்துவிட்டு "ஆமாண்ணா, மோசம்தான்" என்று எழுதினான். ஆனால் அவன் தனியாக ஆடிக்கொண்டிருந்தது என் நண்பர்கள் பட்டியலில் தெரிந்தது. துணைக்கு யாரையும் அனுப்பாத அந்த கேமில், புரூனோரை மட்டும் வைத்துக்கொண்டு.

அதே வருடம் மார்ச்சில் இட் டேக்ஸ் டூ என்ற கேம் வந்தது. இருவர் மட்டுமே ஆடக்கூடியது. ஒருவர் ஆணி அடித்தால்தான் அடுத்தவர் அதைப் பிடித்து ஊஞ்சலாடித் தாண்ட முடியும். ஒருவர் நின்றால் இருவருமே நிற்க வேண்டும். ஒருவர் வாங்கினால் போதும், நண்பர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். அவ்வாண்டின் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த கேம் விருது அதற்குத்தான். அதை ஆடியிருந்தால் நான் நல்ல அண்ணனாகத் தெரிந்திருப்பேன், ஏனென்றால் வேறு வழி இருந்திருக்காது. டார்க் அலையன்ஸ் அப்படி யாரையும் கட்டிப்போடவில்லை. கூட்டு ஆட்டம் என்று பெயர். ஆளுக்கு ஆள் தனித்தனி லூட், ஆளுக்கு ஆள் தனித்தனி ஓட்டம். வடிவமைப்பாக இது பெரிய குறை. அந்தக் குறை விட்டுவைத்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதற்கு அதை உருவாக்கியவர்கள் பொறுப்பாக மாட்டார்கள். ஓய்வு கேட்டவனுக்கு ஓய்வு கொடுக்க ஒரு பட்டன் அழுத்தினால் போதும்.

தேர்வு ரத்தான அந்த மாதங்களில் அவனுக்கு என்னிடம் வேண்டியிருந்தது கேமே இல்லை என்று இப்போது புரிகிறது. இரவில் ஒருமணி நேரம் தன்னோடு பேச ஒருவர் வேண்டும். மதிப்பெண் எப்படிப் போடுவார்கள், கல்லூரி கிடைக்குமா, அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்று ஆட்டத்தின் நடுவே அவன் கேட்டதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. "அத அப்புறம் பேசலாம், முன்னால பாரு" என்று நான் சொன்னதும் இருக்கிறது.

இப்போது அவன் படிப்பு முடிந்துவிட்டது. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3ஐ விடுதி நண்பர்களோடு ஆடினான். அதுவும் அதே டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகம்தான், நால்வர் சேர்ந்து ஆடலாம். என்னை அவன் அழைக்கவில்லை. அழைக்காததில் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை.

இதை எழுதுவதற்கு முன் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன், விழுந்து கிடந்தபோது பார்த்துக்கொண்டே போனது உட்பட. "அப்பவே தெரியும்ணா" என்றான். வேறெதுவும் அவன் சொல்லவில்லை.

வீட்டில் சின்னவர்களோடு சேர்ந்து ஆடுகிற அண்ணன்களையும் அக்காக்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் ஓய்வு கேட்டால் எடுங்கள். ஆட்டத்தை விட்டு விலகுவதாக இருந்தால், உண்மைக் காரணத்தை அவர்களிடமே சொல்லிவிட்டு விலகுங்கள்.