நெடுந்தீவு முற்றத்தில் ஒரு மற்போர்

சென்ற பள்ளி விடுமுறையிற் குறிகட்டுவான் துறையிற் படகேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலையில் ஆடிய பின்னர் நெடுந்தீவிற் கால் வைத்தோம். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டிய தீவு இது. சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகள், கோட்டையின் சிதைவுகள், பருத்த பெருக்கு மரம், கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகள் யாவற்றையும் கண்டு களித்தோம். ஆயினும் எம் மனத்திற் பதிந்தது, ஒரு வாரம் நாம் தங்கியிருந்த வீட்டின் முற்றத்து நிகழ்ச்சியே.

அவ்வீட்டில் வயது முதிர்ந்த பெட்டைப் பூனையொன்றும், அயல்வீட்டிலிருந்து கொணர்ந்த இரண்டு மாதக் குட்டியொன்றும் இருந்தன. முதல்நாள் மாலை, பெரியது குட்டியைக் கீழே வீழ்த்தி, முன்கால்களால் அணைத்துக் கழுத்தைக் கவ்வி, பின்கால்களால் உதைத்தது. எம் மகள் அலறினாள். நாம் பாய்ந்து சென்று குட்டியைப் பறித்துக் கடகத்தினுள் இட்டு மூடினோம். ஓர் உயிரைக் காத்துவிட்டதாகவே எண்ணினோம்.

மறுநாட் காலையில் அக்குட்டி மகளின் கையோடு விளையாடி, இரத்தம் வருமளவிற்குக் கடித்துவிட்டது. சவர்க்காரமிட்டு நீரூற்றி நெடுநேரம் கழுவியபின் வைத்தியசாலைக்கும் சென்று திரும்பினோம். வீட்டு ஆச்சி எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, எவ்வளவு கடிக்கலாமெண்டு பெரிய பூனையெல்லோ அதுக்குப் படிப்பிக்கிறது. நீங்கள் வாத்தியாரைக் கலைச்சுப்போட்டியள்” என்றார்.

அதன்பின் நாம் தலையிடாது திண்ணையில் அமர்ந்து நோக்கினோம். பெரியதன் நகங்கள் உள்ளொடுங்கியே இருந்தன. சீற்றமோ உறுமலோ எழவில்லை. சிறிது நேரம் குட்டி மேலே. சிறிது நேரம் பெரியது மேலே. இடையிடையே இரண்டும் ஓய்ந்து மீண்டும் தொடங்கின. குட்டி அளவுமீறிக் கடித்தபோது, பெரியது அதனை ஒரு கணம் அமுக்கிவிட்டு அப்பாற் சென்றது. விளையாட்டு நின்றுபோவதே குட்டிக்குத் தண்டனை.

காதுகள் பின்னோக்கிப் படிந்து, மயிர் சிலிர்த்து, சீறலும் ஓலமும் எழுந்தால், அல்லது ஒன்று ஓடியொளிய மற்றையது விடாது துரத்தினால், அது விளையாட்டன்று, பிரித்துவிடல் வேண்டும். அப்போதும் கையை நீட்டாது, சுளகொன்றை இடையில் வைப்பதே நன்று. சிறுவரும் தம் விரலைக் குட்டிக்கு விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தலாகாது. பனையோலைத் துண்டொன்றை ஆட்டிக் காட்டினாற் போதும்.

விடைபெறும் நாளில் குட்டி மகளின் பாவாடை நுனியைத் தட்டி விளையாடியது. நகம் வெளிவரவில்லை. படகில் அவள் தன் கையிலிருந்த சிறு வடுவைத் தடவிப் பார்த்தாள், நாமும் பார்த்தோம். அது குட்டியின் குற்றமன்று. எம் அவசரத்தின் அடையாளம்.