வெண்ணெயா, காற்றா?

தூத்துக்குடியில் பழைய பேக்கரி ஒன்றின் பின்கட்டு. முன்னால் மக்ரூன் கூட்டம். இங்கே பிறந்தநாள் கேக்குகளுக்கு ஐசிங் போடும் மேடை. ஃப்ரிட்ஜிலிருந்து விப் கிரீம் பாக்கெட்டை எடுத்த மாஸ்டர், காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே ஐஸ் சில்லுகள் உரசின.

“இந்தச் சத்தம் கேட்டாத்தான் அடிக்க வரும் சார். முழுசா இளகிட்டா எந்திரிக்காது.”

மைனஸ் 18 டிகிரியில் கிடந்ததை முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றியிருக்கிறார். பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன்: பாம் கெர்னல் எண்ணெய், தண்ணீர், சர்க்கரை, கெட்டிப்படுத்தும் பொருள்கள். பாலாடை கிடையாது. 1945இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் ரிச் என்பவர் சோயாவிலிருந்து செய்த கிரீமின் வாரிசு இது.

மெஷினின் பீட்டர் சுற்றச் சுற்ற, பாத்திரத்தின் அடியில் கிடந்தது விளிம்புவரை ஏறியது. கொழுப்புத் துணுக்குகள் காற்றுக் குமிழ்களைச் சுற்றிச் சுவர் கட்டுகின்றன; குளிர் குறைந்தால் சுவர் தளரும். மாஸ்டர் கம்பியைத் தூக்கினார். கிரீமின் நுனி சாயாமல் நின்றதும் மெஷினை நிறுத்திவிட்டார். கொஞ்சம் அதிகமாக அடித்தாலும் திரிதிரியாகிவிடுமாம்.

பட்டர் ஐசிங்கில் இந்தப் பதற்றம் இல்லை. வெண்ணெயை வெளுக்க அடித்து, அதைப்போல் இரு மடங்கு ஐசிங் சுகர் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். ஒரே கிண்ணத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி நிரப்பித் தராசில் வைக்கச் சொன்னேன். விப் கிரீம், வெண்ணெயின் பாதி எடைகூட இல்லை. கிலோ கணக்கில் விற்கும் ஊரில் விப் கிரீம் கேக் ஏன் உயரமாக இருக்கிறது என்பது புரிந்தது.

பூ போடும்போதுதான் வெண்ணெயின் அருமை தெரிகிறது. சின்ன ஆணியின் தலையில் பட்டர் ஐசிங்கை நாசிலால் ரோஜாவாகச் சுற்றினார். இதழின் ஓரம் காகிதம்போல் மெலிந்து, மடங்கி நின்றது. அதே நாசிலில் விப் கிரீமை வைத்தால் இதழ் தடித்து, ஓரம் மழுங்கிவிட்டது. ஆனால் கேக்கைச் சுற்றி வழவழவென்று பூச விப் கிரீம்தான் சுகம்.

இரண்டையும் நக்கிப் பார்த்தேன். விப் கிரீம் நாக்கில் பட்டதும் காணாமல் போனது. வெனிலா எசன்ஸைத் தவிர வேறு ருசி இல்லை. பட்டர் ஐசிங் மெல்ல உருகி, உப்பும் வெண்ணெய் மணமும் கொஞ்ச நேரம் தங்கின. திகட்டும்தான். என் ஓட்டு இதற்கே. பலருக்கு இது பிடிக்காமல் போனதற்குக் காரணம் வெண்ணெய் அல்ல, அதன் இடத்தில் வந்த வனஸ்பதி. அண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும் அந்த ஐசிங்கைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

இதற்குள் ஆர்டர் கொடுக்க ஒருவர் வந்தார். சாத்தான்குளத்துக்கு, பஸ்ஸில் கொண்டுபோகிறாராம். விப் கிரீம்தான் வேண்டுமாம்.

“அண்ணாச்சி, மடியில வச்சுக்கிட்டுப் போயிச் சேர்றதுக்குள்ள இது இளகிடும். பட்டர்ல போட்டுத் தாரேன். ஃப்ரிட்ஜுல வச்சா கல்லா இறுகிடும், ஊருக்குப் போயி வெட்டும்போது பதமா இருக்கும்.”

அவர் யோசித்தார். பிறகு, ரோஜாவை மட்டும் பெரிதாகப் போடச் சொன்னார்.