ஆகாய வழியில் ஓர் அமானிதம்

மலைநாட்டில் வாழும் எமக்கு உயரம் என்பது அன்றாட விடயம். தேயிலைக்கே உயரத்தை வைத்துத்தான் தரம் பிரித்திருக்கிறார்கள். 2000 அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. 2000 அடிக்கும் 4000 அடிக்கும் இடைப்பட்டது இடைநிலத் தேயிலை. அதற்கு மேலே விளைவதுதான் எங்கள் லிந்துலை, தலவாக்கலைப் பக்கத்து உயர்நிலத் தேயிலை. கொழும்பிலிருந்து வரும் மாமிமார் எங்கள் குசினியில் நின்று, "பருப்பு அவிய ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பார்கள். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆகவே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. 6128 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, சுமார் 94 பாகையில் கொதிக்கும்.

இந்த "அடி" என்ற சொல்லும், இந்தக் காற்றழுத்தமும் எத்தனை உயிர்களைத் தாங்கி நிற்கின்றன என்பதை, எமது மலையிலேயே நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் நான் விளங்கிக் கொண்டேன்.

அந்த டிசம்பர் இரவு

1974 டிசம்பர் 4. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரங்கள் கூட இல்லை. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஜித்தா நோக்கி டி.சி.8 ரக விமானமொன்று புறப்பட்டது. ஒல்லாந்து நாட்டு மார்ட்டின்எயார் நிறுவனத்தின் விமானம் அது. கருடா நிறுவனத்துக்காக ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்தது. அதிலிருந்த 182 யாத்திரிகர்களும் கிழக்கு ஜாவாவின் பிளிட்டார், லமொங்கான் பகுதி மக்கள். எம் நாட்டு மலாய் முஸ்லிம்களின் மூதாதையர் பலர் வந்ததும் அதே ஜாவாவிலிருந்துதான். விமானப் பணியாளர்கள் ஒன்பது பேர். வழியில் கட்டுநாயக்கவில் தரித்துச் செல்வது ஏற்பாடு.

இரவு பத்து மணிக்குப் பின்னர், அந்த விமானத்துக்கு முதலில் 5000 அடிக்கும் பிறகு 2000 அடிக்கும் இறங்க அனுமதி கிடைத்தது. "ஓடுபாதை தெரிந்ததும் அறிவியுங்கள்" என்றும் சொல்லப்பட்டது. ஆனால் அவ்வேளையில் விமானம் கட்டுநாயக்கவின் அருகில் இருக்கவில்லை. அங்கிருந்து 40 கடல்மைல், அதாவது சுமார் 74 கிலோமீற்றர் தள்ளி, எமது மலைகளுக்கு மேலே இருந்தது. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துச் சப்த கன்னியர் மலைத்தொடரின் அஞ்சிமலையில், சுமார் 4355 அடி உயரத்தில் அது மோதியது. 191 பேரில் ஒருவர் கூட மிஞ்சவில்லை. இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துகளில் மிகப் பெரியது இன்றுவரை அதுவே.

அப்போது என் உம்மாவுக்குப் பதினேழு வயது. தோட்டத்து மக்கள் மலையேறிப் போனதையும், உம்மும்மா "இன்னா லில்லாஹி" சொல்லி அழுததையும், கடையை இழுத்து மூடிவிட்டு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனதையும் இன்றைக்கும் நேற்று நடந்தது போலச் சொல்வார். இஹ்ராம் அணிய வேண்டியவர்கள் எம் மலையில் மௌத்தாகிப் போனார்களே என்பது அவரது மனதில் தங்கிவிட்ட துக்கம்.

உம்மாவின் ஹஜ்ஜுக்கான பணம் சேர்ந்து மூன்று வருடமாகிறது. மஹ்ரமாகக் கூடச் செல்லத் தம்பியும் தயார். ஆனால் பெயர் பதியும் பேச்சு வந்தாலே, "இன்னும் கொஞ்சம் பார்ப்பமே" என்று தள்ளிப்போடுவார். ஒருநாள் வற்புறுத்திக் கேட்டபோதுதான் மனம் திறந்தார்: "மகள், ரோட்டுல வெளிச்சம் ஈக்கி, போர்ட் ஈக்கி. ஆகாயத்துல ராவைல யாரு வழி காட்டுற? அண்டக்கி அவங்களுக்குக் காட்ட யாரும் இருக்கல்லயா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இந்த விடயத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

ஆகாயத்திலும் பாதை உண்டு

சகோதரிகளே, விமானம் தன் பாட்டில் பறப்பதில்லை. அதற்கு வழிவிடவும் வழிகாட்டவும் தரையில் கண்விழித்திருக்கும் ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்களை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் என்பார்கள்.

விமானம் தரிப்பிடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதை வரை செல்வதைத் தரைக் கட்டுப்பாடு கவனிக்கிறது. ஓடுபாதையில் எழும்பவும் இறங்கவும் அனுமதிப்பது கோபுரத்தில் இருப்பவர். எழும்பிய விமானத்தை மேலே ஏற்றிவிடுவதும், இறங்க வரும் விமானங்களை வரிசைப்படுத்துவதும் "அப்ரோச்" என்ற அணுகுமுகக் கட்டுப்பாடு. அதற்கப்பால் நெடுந்தூரப் பயணத்தைப் பார்த்துக்கொள்வது பிரதேசக் கட்டுப்பாட்டு நிலையம். ஒருவர் எல்லை முடிந்ததும், "இனி இன்ன அலைவரிசையில் இன்னாரோடு பேசுங்கள்" என்று அடுத்தவரிடம் ஒப்படைப்பார். கொழும்பு எல்லை முடிந்தால் இந்தியா, அதற்கப்பால் அரபுக் கரை, கடைசியில் ஜித்தா. கைக்குழந்தையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றுவது போலத்தான் விமானம் கைமாறுகிறது.

ஒரே பாதையில் இரண்டு விமானங்கள் குறுக்கிட்டால், பொதுவாக ஒன்றுக்கு மேல் மற்றொன்று 1000 அடியாவது விலகியிருக்க வேண்டும். இருளில் இதை அறிவதெப்படி? ரேடார் உதவுகிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கு இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள். விமானத்திலுள்ள கருவி அந்த எண்ணையும் உயரத்தையும் தரைக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும். விமானி 7700 என்று எண்ணை மாற்றினால், வாய் திறக்காமலே "ஆபத்து" என்று சொல்லிவிடலாம். 7600 என்றால் வானொலித் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.

ஓடுபாதைக்கும் பெயருண்டு. கட்டுநாயக்கவின் ஓடுபாதை ஒருமுனையில் 04, மறுமுனையில் 22. திசைகாட்டி முள்ளில் 40 பாகை, 220 பாகை என்பதன் சுருக்கம் அது. 04இல் இறங்கும் விமானம் தென்மேற்கே கடற்கரைப் பக்கமிருந்து வரும்.

உயரம் யாருடைய கணக்கு?

விமானத்தின் உயரமானி, நான் முதலில் சொன்ன காற்றழுத்தத்தை வைத்துத்தான் அடியைக் கணக்கிடுகிறது. காலநிலையோடு அழுத்தமும் மாறும் என்பதால், இறங்க வரும் விமானிக்கு அந்த வேளையின் அழுத்தத்தைக் கட்டுப்பாட்டாளர் சொல்வார். இதை "கியூ.என்.எச்." என்பார்கள். ஓர் அலகு பிழைத்தால் உயரக் கணக்கில் ஏறத்தாழ 30 அடி பிழைக்கும்.

ஆனால் உயரம் சரியாகத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த இடத்துக்கு மேலே அந்த உயரம் என்பதும் தெரிய வேண்டும். கட்டுநாயக்கவின் கடலோரத்தில் 2000 அடி என்பது பாதுகாப்பான உயரம். எமது பகுதியில் 2000 அடி என்றால் அது மலையின் வயிற்றுக்குள்ளே. 1974இல் நடந்தது இதுதான். விமானிகள் தமது இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்று விசாரணை முடிவு கூறியது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் காலநிலை ரேடாரையும் நம்பியதால், தவறாக விளங்கிக்கொள்ள இடமேற்பட்டது என்றும் அது கருதியது. ஆக, அன்றைக்கும் பேச ஆள் இருந்தார். ஆனால் கேட்டவரும் சொன்னவரும் மனதில் நினைத்திருந்த இடம் வேறு, விமானம் இருந்த இடம் வேறு.

இதற்குச் சரியாக மூன்று நாட்களுக்கு முன்னர், 1974 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் நகருக்கு அருகே டி.டபிள்யூ.ஏ. விமானமொன்று மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். அங்கே சிக்கலானது ஒரு சொற்றொடர். "அப்ரோச்சுக்கு அனுமதி" என்றதும், இனிக் கீழே இறங்கலாம் என்று விமானிகள் விளங்கிக்கொண்டார்கள். வரைபடத்திலுள்ள உயரத்தைக் காக்க வேண்டியது விமானியின் பொறுப்பு என்பது கட்டுப்பாட்டாளர் பக்கத்து விளக்கம். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்! அதன் பின்னர் அந்த அனுமதியின் பொருளைத் திட்டவட்டமாக்கினார்கள். பெரிய பயணிகள் விமானங்களில், தரை நெருங்கினால் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி இருக்க வேண்டுமென்றும் அமெரிக்கா கட்டாயமாக்கியது. அக்கருவியை உருவாக்கியவர் டொன் பேட்மன் என்ற பொறியியலாளர். 1990களில் உலகத்து மலைகளின் வரைபடமே அதனுள் சேர்க்கப்பட்டது. முன்னே மலை வந்தால், "மேலே ஏற்று!" என்று அது கத்தும். அஞ்சிமலை விபத்துப் போன்றவை இன்று மிகவும் அருகிப் போனதற்கு இக்கருவி ஒரு முக்கிய காரணம்.

ரோஜர் வேறு, வில்கோ வேறு

விமானிகளின் பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள்தான். "ரோஜர்" என்றால் "நீங்கள் சொன்னது முழுவதும் கேட்டது" என்று மட்டுமே பொருள். "ஆம்" என்றோ "செய்கிறேன்" என்றோ பொருளல்ல. "செய்கிறேன்" என்பதற்கு "வில்கோ". "ஆம்" என்பதற்கு "அஃபர்ம்". "பொறுங்கள்" என்பதற்கு "ஸ்டான்ட் பை". உயிராபத்து என்றால் "மேடே" என்று மூன்று முறை. 1977 மார்ச் 27இல் டெனரீஃப் தீவில் இரு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்ட பின்னர், "டேக் ஓஃப்" என்ற சொல்லை, எழும்ப அனுமதி கொடுக்கும் போதும் அதை இரத்துச் செய்யும் போதும் தவிர வேறெங்கும் பாவிக்கக் கூடாதென்று ஒழுங்கு செய்தார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது "ரீட் பேக்". கட்டுப்பாட்டாளர் கொடுத்த உயரம், அழுத்தம், ஓடுபாதை எண், அனுமதி அனைத்தையும் விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, பிழையிருந்தால் உடனே திருத்த வேண்டும். சிறுவயதில் குர்ஆன் மத்ரஸாவில் நாம் ஓதிக் காட்டியதும் ஹஸரத் திருத்தியதும் இப்படித்தானே!

இன்னுமொரு சொல்லையும் உம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: "கோ அரவுண்ட்." இறங்கும் வேளையில் ஏதேனும் பொருந்தவில்லையென்றால் இறங்காமல் மறுபடி மேலே ஏறி, சுற்றி வந்து இறங்குவது. பயணிகள் பயந்துபோவார்கள். உண்மையில் அதுதான் பாதுகாப்பு. 1978 நவம்பர் 15இல் ஹஜ் முடித்து ஜித்தாவிலிருந்து ஊர் திரும்பிய இந்தோனேசிய ஹாஜிகளின் விமானமொன்று கட்டுநாயக்க அருகே தென்னந்தோட்டத்தில் விழுந்து, 262 பேரில் 183 பேர் மௌத்தானார்கள். உரிய உயரத்தில் இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறவில்லை என்பதும் இலங்கை விசாரணை சொன்ன காரணங்களில் ஒன்று. நிலையத்து வழிகாட்டுக் கருவியிலும் தரையிலிருந்து கிடைத்த வழிகாட்டலிலும் குறையிருந்தது என்பது ஐஸ்லாந்து தரப்பின் கருத்து.

எமது வீடுகளில்

இவ்வளவையும் படித்த பிறகு, வீட்டிலும் இந்தப் பழக்கம் எவ்வளவு தேவை என்று தோன்றியது. கடைக்குப் புறப்படும் கணவரிடம் ஐந்து சாமான் சொல்கிறோம். அவர் "ம்" என்கிறார். அந்த "ம்" ரோஜரா, வில்கோவா? சிரிப்புக்குரிய விடயம்தான். ஆனால் மருந்து சிரிப்புக்குரியதல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டிஸ்பென்சரிக்குப் போனால், எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணிக்கொரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை அங்கேயே நின்று திருப்பிச் சொல்லுங்கள். "நான் சொன்னது சரிதானே?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். பெரிய விமானத்தை ஓட்டுபவரே திருப்பிச் சொல்கிறார். நமக்கென்ன வெட்கம்?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம் நாம் அறிந்ததே. இருளில் கண்விழித்து ஒவ்வோர் அடியையும் சொல்பவரும், அதைத் திருப்பிச் சொல்பவரும் அந்தக் கயிற்றைத்தான் கட்டுகிறார்கள். வார்த்தையும் ஓர் அமானிதம். சொன்னவரிடமும் கேட்டவரிடமும் அது பாதிப் பாதியாக இருக்கிறது.

பல இரவுகளாக இவற்றையெல்லாம் உம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். விபத்தே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரு சொல் திருத்தப்பட்டது, ஒரு கருவி வந்தது, ஒரு சட்டம் பிறந்தது என்றுதான் சொன்னேன். உம்மா வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப அவங்கட மௌத் வீணாப் போகல்ல" என்றார். அந்த வாரமே தம்பியோடு போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

அந்த விமானத்தின் சக்கரமொன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது. பாவா ஆதம் மலைப் பக்கம் பயணம் போகும் சகோதரிகள், வழியில் ஒரு நிமிடம் நின்று அந்த 191 பேரையும் நினைத்துப் பாருங்கள். அல்லாஹ்வின் வீட்டை நாடிப் புறப்பட்டு எம் மண்ணில் உறங்கிவிட்ட அந்த விருந்தாளிகளுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள். அவர்களது நிய்யத்தை அல்லாஹ் கபூலாக்கி, அவர்களுக்கு ஹஜ்ஜின் நற்கூலியை நிறைவாக வழங்குவானாக. ஆமீன்.