அடுப்படிக்கு ஒரு டைமர்

சமையலறைக்கு டைமர் வாங்கப் போகிறவர்கள் விலையையும் நிறத்தையும் பார்க்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அதன் சத்தத்தை. வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது கீச்சுக்குரலை. சின்ன டிஜிட்டல் டைமர்கள் பெரும்பாலும் அந்தக் கீச்சுக்குரலில்தான் அடிக்கின்றன. பேத்தி காதைப் பொத்திக்கொள்வாள், பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கு எதுவும் கேட்டிருக்காது. அதனால் சமைப்பவரையே கடைக்குக் கூட்டிப் போங்கள். அடிக்கவிட்டு, பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

'விசில் எண்ணினால் போதாதா?' என்பார்கள். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கலாமா? ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரில் மலர்ந்து வேகிற துவரம்பருப்பு, போர் தண்ணீரில் முரண்டு பிடிக்கும். தண்ணீரின் கடினத்தன்மைதான் காரணம். விசிலோ தீயின் அளவுக்கு ஏற்ப முன்னே பின்னே வரும். முழு அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைத்து, அங்கிருந்து நிமிடத்தைக் கணக்கிடுவதே சரி. எந்தத் தண்ணீருக்கு எத்தனை நிமிடம் என்பது நாலு தடவை சமைத்தால் பிடிபட்டுவிடும்.

திருகிவிடும் ஸ்பிரிங் டைமருக்கு பேட்டரி வேண்டாம், ஈரக்கையோடு திருகலாம். ஐந்து நிமிடம் வேண்டுமென்றால் பாதிக்கு மேல் திருகிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணி சரியாக அடிக்காது. அடிப்பதும் சில நொடிதான். மாடியில் துணி காயப்போடப் போகிறவருக்கு அது உதவாது. அவருக்கு விடாமல் அடிக்கிற, கழுத்தில் தொங்கவிடக்கூடிய டிஜிட்டல்தான் சரி, எண்களும் பெரிதாக இருக்கட்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் பட்டன் பேட்டரி போடுவதை வாங்கவே வாங்காதீர்கள். விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். டிவி ரிமோட்டில் போடும் பேட்டரியே போதும்.

செல்போனிலும் டைமர் இருக்கிறதே என்றால், அந்த போன் பேரனோடு எந்த அறையில் இருக்கிறதோ!

எந்த டைமர் வாங்கினாலும் பதம் பார்ப்பது கைதான். நம் ஊரில் 1957இல் நாகசாமி நாயுடு பிரியாணிக் கடை தொடங்கினார். ஊருக்கே அடையாளமாகிப்போன அந்தப் பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசி. பொடி அரிசி, தம்மில் கொஞ்சம் கூடினாலும் குழைந்துவிடும். டைமர் நம்மைக் கூப்பிடும், அவ்வளவே. மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து இறக்குவது கைப்பழக்கம் உள்ளவரின் வேலை. அந்த அனுபவம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது.

இனி சொல்வது வீட்டுப் பிள்ளைகளுக்காகவே. 'அடுப்பை அணைக்க மறந்துட்டீங்களே' என்று கடிந்துகொண்டு அம்மாவின் கையில் டைமரைக் கொடுக்காதீர்கள். அன்றோடு அவர் சமையலில் தைரியம் இழப்பார். வாங்கி வந்து நீங்களும் அதைப் பயன்படுத்துங்கள். பாலுக்கு நீங்கள் வையுங்கள், பருப்புக்கு அவர் வைக்கட்டும். பட்டனை எப்படி அமுக்குவது என்று ஒரு தடவை காட்டிவிட்டு, அடுத்த தடவை அவர் விரலே தேடட்டும் என்று பொறுமையாகப் பக்கத்தில் நில்லுங்கள்.