முக்காலியும் ஒரு மாதச் சம்பளமும்

எழுத்தாளன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் அவனிடம் கதை கேட்டு வருவதில்லை. மனு எழுதித் தரச் சொல்லித்தான் வருகிறார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, சாக்கடை அடைத்துக்கொண்டதைத் தெரிவிக்க, வராத பென்ஷனை வரவழைக்க... நான் எழுதிய மனுக்களைத் தொகுத்தால் என் நாவல்களைவிடக் கனமான புத்தகம் ஆகும். அவற்றால் விளைந்த பலனும் சற்று அதிகம்தான்.

2023-ஆம் ஆண்டு தீபாவளி வியாபாரம் ஓய்ந்த பத்தாம் நாள், அடுத்த தெருப் பெண் ஒருத்தி தாயாரை அழைத்துக்கொண்டு வந்தாள். தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் இரண்டு வருஷமாகப் புடவை எடுத்துக் காட்டும் வேலை. முதல் நாள் நிறுத்திவிட்டார்களாம்.

"என்னம்மா செய்தாய்?" என்று கேட்டேன்.

"உட்கார்ந்தேன், ஸார்."

கணுக்கால் வீங்கி நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது. கூட்டமில்லாத பிற்பகலில் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருக்கிறாள். மேற்பார்வையாளர் அதைக் காமிராவில் பார்த்தார். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற மூன்று வார்த்தையில் இரண்டு வருஷ உத்தியோகம் முடிந்தது.

உட்காருவதற்கு ஒரு சட்டம் உண்டு என்பதை நான் அறிவேன். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் நின்றே தேய்ந்த பெண்கள் பல வருஷம் குரல் எழுப்பியதன் பேரில், 2018-இல் கேரளம் முதலில் அதைச் செய்தது. 2021 செப்டம்பரில் நம் சட்டசபையிலும் மசோதா வந்து, 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்பது அதன் சாரம். மனிதனுக்கு உட்கார ஓர் ஆசனம் வேண்டும் என்பதை ஒரு சர்க்கார் எழுத்தில் சொல்ல வேண்டியிருந்ததே என்று அன்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். என் வேலை நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை.

இப்போது உயர்நீதிமன்றப் பக்கம் போய் அந்தச் சட்டப் புத்தகத்தை வாங்கி வந்து, இரவு முழுதும் படித்தேன். சட்டம் எழுதுகிறவர்களுக்கு வாசகனிடம் இரக்கமே கிடையாது. எழுவாயை ஓரிடத்தில் விட்டுவிட்டு, நாலைந்து 'ஆயின்', 'எனினும்' தாண்டிப் பயனிலையைத் தேடிப் போக வேண்டும். ஆனால் 41-ஆம் பிரிவுக்கு வந்ததும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடாமலும் நிறுத்தக் கூடாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதானால், விசாரணை வைத்துச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். அதற்கு 30 நாள் கெடு. இன்னொன்றும் கண்டேன்: வருஷம் முழுக்க உழைத்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை, அதை அனுபவிக்கும் முன்பே அனுப்பிவிட்டால் அந்த நாட்களின் சம்பளத்தைத் தந்தாக வேண்டும்.

மறுநாள் அவளிடம் கேட்டேன், வேலை செய்ததற்கு ருசு என்ன இருக்கிறது என்று. ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். இரண்டு சீருடைப் புடவைகள், அவற்றின் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்களாம், புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. எண் எழுதிய சீட்டு, பாங்குப் பாஸ்புத்தகம். நியமனக் கடிதம் இல்லை. (பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில் அதைக் கொடுத்தாக வேண்டும் என்கிற மத்தியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல்தான் நடைமுறைக்கு வந்தது.) பாஸ்புத்தகத்தைப் புரட்டினேன். மாதந்தோறும் கடையின் பெயரோடு வரவு. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

தாயாருக்குப் போதவில்லை. "பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கு எதுக்குங்க? அந்தத் தெருவிலே ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரருக்குச் சொல்லிட மாட்டாரா? நாளைக்கு இவளை எவன் சேர்ப்பான்?" என்றாள். இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பிரிவு கிடையாது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே உயரத்தில் நிற்பதாகச் சட்டம் நினைத்துக்கொள்கிறது; வீட்டு வாடகை ஐந்தாம் தேதி என்பது அதற்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டேன். பெண்தான், "எழுதுங்க, ஸார்" என்றாள்.

ஒரு பக்கம் எழுதினேன். வசவு இல்லை, கெஞ்சல் இல்லை. சேர்ந்த தேதி, நிறுத்திய தேதி, பிரிவுகளின் எண்கள், மீண்டும் வேலையில் சேர்க்காவிட்டால் மேல்முறையீடு. ரிஜிஸ்தர் தபாலில் போயிற்று. ஒன்பதாம் நாள் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு மாதச் சம்பளமும் விடுமுறைச் சம்பளமும் மேஜையில் தயாராக இருந்ததாம். வேலை மட்டும் இல்லை. கையெழுத்துக்கு நீட்டிய காகிதத்தில், 'நானாகவே விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்' என்று ஒரு வரி. அவள் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, பெற்றுக்கொண்ட தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மானேஜர் சற்று நேரம் அவளையே பார்த்துவிட்டு, காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டாராம்.

மேல்முறையீட்டுக்குப் போயிருக்கலாம் என்பது என் ஆசை. எனக்கென்ன, ஆசைப்பட வாடகையா, பிடித்தமா? இரண்டு மாதம் கழித்து வேறொரு கடையில் சேர்ந்தாள். பழைய கடையில் தளத்துக்கு இரண்டு முக்காலி வாங்கிப் போட்டார்களாம், தூணுக்குப் பின்னால். யாராவது உட்காருகிறார்களா என்று கேட்டேன். "இன்னும் இல்லை, ஸார்" என்றாள்.

போகும்போது அந்தச் சட்டத்தைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டாள். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் உழைத்தால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், நாலு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை, பிறகு 22-ஏ, 41. 1958-ஆம் வருஷத்து விடுமுறைச் சட்டத்திலிருந்தும் அரைப் பக்கம்.

நோட்டு என்னிடம் திரும்பி வரவில்லை. பெண்கள் விடுதி ஒன்றில் அறை அறையாகப் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி. போன மாதம் முன்பின் தெரியாத ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த நோட்டின் ஒரு பக்கத்தின் நகல்.

"மே தினத்துக்கு எங்கள் கடை திறந்திருந்தது, ஸார். அன்றைக்கு இரட்டைச் சம்பளமா, அல்லது சம்பளமும் வேறொரு நாள் விடுமுறையுமா? எதை என்று யார் சொல்வது, முதலாளியா?"

"இல்லையம்மா," என்றேன். "நீதான்."