இரு சொற்களுக்கிடையே ஒரு வாக்கியம்

எட்டாம் வகுப்பு மாணாக்கருக்கென ஆண்டுதோறும் நடைபெறும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில், மனத்திறன் பகுதிக்குரிய 90 வினாக்களுக்கு இடையே, ஒரு ஜோடிச் சொற்களை முன்னே நிறுத்தி, அவற்றிற்குள் அமைந்த சம்பந்தம் எதுவோ அதே சம்பந்தம் உடைய சொல்லை மூன்றாம் சொல்லுக்குத் துணையாகத் தேடச் சொல்லும் வினாக்களும் வருவதுண்டு. தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடிய மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளே இதனை எழுதலாம் என்பதால், ஒற்றை மதிப்பெண்ணும் ஒரு வீட்டின் வரவு செலவைத் தொடக்கூடியது. ஆகவே இவ்வினாக்களைச் சூதாட்டம்போல் ஊகித்து விடையளிக்கும் வழக்கத்தை மாற்றுவதே, இத்தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் உபாத்தியாயருடைய முதற் கடமையாகிறது.

ஊகம் எப்படி நுழைகிறது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். ‘உளி : தச்சர் :: கலப்பை : ?’ என்று கரும்பலகையில் எழுதி, நிலம், உழவர், மாடு, விதை என்னும் நான்கு விடைகளையும் கீழே எழுதினால், நான்குமே கலப்பையோடு பழகிய சொற்களாக இருப்பதைப் பிள்ளைகள் காண்கிறார்கள். வயற்காட்டில் வளர்ந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “மாடுதானே சார் கலப்பைய இழுக்குது?” என்று கேட்டான். அவன் சொன்னது பொய்யன்று. கலப்பைக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு அவன் கண்ணால் கண்ட உறவு. ஆயினும் வினா கேட்பது கலப்பைக்கு எது நெருக்கம் என்பதையன்று. உளிக்குத் தச்சர் எவ்வாறோ அவ்வாறு கலப்பைக்கு யார் என்பதையே கேட்கிறது. முதல் ஜோடியைப் பாராமல் மூன்றாம் சொல்லிலிருந்து நேரே விடைகளுக்குத் தாவிவிடுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு மூலம்.

இதற்கு நான் கைக்கொண்ட முறை எளியது. நான்கு விடைகளையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முதல் இரண்டு சொற்களையும் வைத்து ஒரு முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பின்னரே கையை எடுக்கலாம். ‘உளிக்கும் தச்சருக்கும் தொடர்பு உண்டு’ என்று சொல்வது வாக்கியமாகாது. எதற்கும் பொருந்துவது எதையும் தெரிவிப்பதில்லை. ‘உளியால் தொழில் செய்பவர் தச்சர்’ என்று சொன்ன மாத்திரத்தில், ‘கலப்பையால் தொழில் செய்பவர் உழவர்’ என்பது தானே வந்து நிற்கிறது. மாடு இழுக்கிறது, தொழில் அதனுடையதன்று. சார்லஸ் ஸ்பியர்மன் என்னும் ஆங்கில உளநூல் அறிஞர், 1923-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், இரு பொருள்களைக் கண்டு அவற்றின் சம்பந்தத்தை உணர்தல், ஒரு பொருளையும் சம்பந்தத்தையும் கொண்டு மற்றொரு பொருளை வருவித்தல் என்று அறிவின் தொழில்களுள் இரண்டைப் பிரித்துக் கூறினார். பிள்ளைகள் பிந்தியதை முன்னதாகச் செய்ய விரைகிறார்கள். கை மூடுவது அந்த விரைவுக்கு இடும் தடை.

அந்த வாக்கியத்தை அமைக்கும் கருவியைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இத்தேர்வை எழுதும் பிள்ளை அதே வகுப்பின் தமிழ்ப் பாடத்தில் வேற்றுமை உருபுகளைப் படித்துக்கொண்டிருக்கிறது. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்பவற்றை மனப்பாடம் செய்து ஒப்பித்தபின் மறந்துவிடவும் செய்கிறது. உருபு என்பது இரு சொற்களின் உறவுக்கு நம் மொழி இட்ட அடையாளம் என்பதை அது அறிந்துகொள்ளுமாயின், இலக்கண வகுப்பும் மனத்திறன் வகுப்பும் ஒன்றாகிவிடும். கருவியா, ‘ஆல்’, இருக்கும் இடமா, ‘கண்’, உடைமையா உறுப்பா, ‘அது’. அந்த ‘அது’விலும் பிரிக்க இயலாத தற்கிழமை வேறு, பிரிக்கக்கூடிய பிறிதின்கிழமை வேறு என்று நம் இலக்கணிகள் வகுத்திருப்பதால், தும்பிக்கை யானைக்கு உரியதும் அங்குசம் பாகனுக்கு உரியதும் ஒரே வகையல்ல என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய சிரமம் எனக்கு இருந்ததில்லை.

இப்பாகுபாட்டின் நுட்பம் முழுவதும் விளங்கும் வினா ஒன்று உண்டு. ‘மண் : குடம் :: நூல் : ?’ என்பதற்கு ஊசி, பஞ்சு, தறி, துணி என்று விடைகள் கொடுக்கிறேன். ‘மண்ணால் ஆகியது குடம்’ என்று பிள்ளைகள் சரியாகவே சொல்கிறார்கள். இருந்தும் சிலர் பஞ்சைத் தேர்கிறார்கள். பஞ்சால் ஆகியது நூல் என்பது உண்மையே; ஆனால் அங்கே நூல் குடத்தின் ஸ்தானத்தில் இருக்கிறது, மண்ணின் ஸ்தானத்தில் இல்லை. உறவு சரியாக இருந்தும் திசை தலைகீழாயிற்று. வேறு சிலர் தறியைத் தேர்கிறார்கள். அவர்களுக்கு ‘சக்கரத்தால் ஆகியது குடம்’ என்ற வாக்கியத்தை அருகே எழுதிக் காட்டினால், ஒரே ‘ஆல்’ உருபு முதற்காரணத்துக்கும் வருகிறது, துணைக்காரணத்துக்கும் வருகிறது என்பது புலனாகும். மண் குடத்திலேயே இருக்கிறது. சக்கரம் குடத்தோடு வருவதில்லை. நூல் துணியிலேயே இருக்கிறது. தறி நெசவாளர் வீட்டிலேயே நின்றுவிடுகிறது. ‘சக்கரம் : குடம்’ என்று வினாவின் தலைப்பு மாறியிருந்தால்தான் ‘தறி : துணி’ அதற்கு இணையாகும். இந்த ஒரு வினாவுக்கு ஒரு பாடவேளை முழுவதையும் செலவிட்டாலும் அது வீணாவதில்லை.

வாக்கியத்தைக் குறுக்க வேண்டிய இடத்தில் குறுக்கத் தெரிவது அடுத்த பயிற்சி. ‘தூறல் : அடைமழை :: தென்றல் : ?’ என்னும் வினாவில் வாடையும் புயலும் விடைகளாக நிற்குமானால், காற்றின் பெயர்களை நன்கு அறிந்த பிள்ளையே இடறுகிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை என்ற அறிவு அதனை வாடையின்பால் இழுக்கிறது. தூறலுக்கும் அடைமழைக்கும் திசை வேற்றுமை ஏதும் இல்லை, அளவு வேற்றுமையே உண்டு என்பதை முன்பே சொல்லி வைத்திருந்தால் புயலைத் தவிர வேறு விடைக்கு இடமில்லை. எந்த அறிவைப் பயன்படுத்த வேண்டும் என்பதை முதல் ஜோடியே தீர்மானிக்கிறது.

விடை கண்டபின் சோதித்தறியவும் ஒரு வழி உண்டு. இரு புள்ளி, நான்கு புள்ளிக் குறிகளைப் பிள்ளைகள் கணிதத்தில் விகிதசமம் படிக்கும்போதே கண்டிருக்கிறார்கள். 2 : 4 :: 3 : 6 என்பதில் நடுவிலுள்ள இரண்டையும் இடம் மாற்றி 2 : 3 :: 4 : 6 என்றாலும் சமம் கெடுவதில்லை. அவ்வாறே ‘உளி : கலப்பை :: தச்சர் : உழவர்’ என்று மாற்றிப் படித்தால், முதலிரண்டும் கருவிகளாகவும் பின்னிரண்டும் தொழிலாளராகவும் அமைந்திருக்கும்; மாட்டை அங்கே வைத்தால் தச்சருக்குப் பக்கத்தில் அது பொருந்தாமல் நிற்பது சிரிப்போடு விளங்கிவிடும். எல்லாச் சொல் ஜோடிகளும் எண்களைப்போல் இதற்குக் கட்டுப்படுவதில்லை. ஆதலால் இதனைச் சரிபார்க்கும் உபாயமாக மட்டுமே சொல்லிக்கொடுக்கிறேன்.

இத்தனை உபாயங்களும் பயன்படாத வினாக்கள் சில உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. ‘யானை : பிளிறும் :: மயில் : ?’ என்று கேட்டால், சம்பந்தம் இன்னதென்று முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். ஆனால் ‘அகவும்’ என்னும் மரபுச் சொல்லை அறியாதவனுக்கு எந்த யுக்தியும் அதனைக் கொண்டுவந்து தராது. அங்கே வேண்டுவது வாசிப்பு ஒன்றே.

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான ‘சாட்’ தேர்விலிருந்து 2005-ஆம் ஆண்டு இவ்வகை வினாக்கள் நீக்கப்பெற்றன. நம் தேர்வுகளிலிருந்தும் ஒரு காலத்தில் அவை மறையக்கூடும். அப்போதும் இப்பயிற்சியை நான் கைவிட மாட்டேன். ‘அதுவும் இதுவும் ஒன்றுதான்’ என்று மேடையிலும் தெருவிலும் எளிதாகச் சொல்லிப்போகிறவரிடம், ‘எந்த வகையில் ஒன்று?’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, எந்தத் தேர்விலும் இல்லாத ஒரு பயனை அடைந்திருக்கிறது. எனவே பயிற்சியின் கடைசிப் படியாக, வினாக்களைத் தீர்ப்பதை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு வினாவை இயற்றி வரச் சொல்கிறேன். சரியான விடை ஒன்றும், மயங்கச் செய்யும் தவறான விடைகள் மூன்றும் அதில் இருக்க வேண்டும், அம்மூன்றும் ஏன் மயக்குகின்றன என்பதற்கு ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வாக்கியம் எழுதியிருக்க வேண்டும். சரியான விடையைக் குருட்டாம்போக்கிலும் எழுதிவிடலாம். ஒரு தவறு எதனால் சரிபோல் தோன்றுகிறது என்பதைக் கற்றறியாமல் எழுத முடியாது.